பெர்சி வந்தாச்சு

எவரெட் கோல்ஸ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு கேட்கிறவர்களுக்கு அவன் மேல் அந்த எண்ணம்தான் வரப்போகிறது. சிநேகிதனுக்குக் காய்ச்சல் என்றால் கோழி சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறுகிறவன். தப்பாக வாசித்தவனை மேடையில் முறைக்கக்கூட மாட்டான். ஆனால் வாயில் ஆல்டோ சாக்ஸபோன் இருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் தன்னைவிட நன்றாக வாசித்துவிட்டால் அவனுக்கு வயிறு எரியும். எரிகிற வயிற்றோடு சிரிக்கவும் தெரியும். ஒரு மனிதன் கெட்டுப்போக வேறென்ன வேண்டும்?

பெர்சி மிம்ஸ் ட்ரம்பெட்காரன். இருவரும் தெற்கே டர்ஹாமிலிருந்து ஒரே பஸ்ஸில் நியூயார்க் வந்தவர்கள். ஹார்லெமில் ஒரு வாடகை அறையில், ஒரே கட்டிலில், முறை வைத்துத் தூங்கியவர்கள். பெர்சியின் கோட்டுப் பையில் ஒரு நாள் போலீஸ்காரன் ஒரு கஞ்சா சுருட்டைக் கண்டுபிடித்தான். ஒன்றே ஒன்று. அதற்கு அவனுடைய அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த ஊரில் சாராயம் விற்கிற எந்த இடத்திலும் வாசிக்க வேண்டுமானால் போலீஸ் தருகிற அட்டை பையில் இருக்க வேண்டும். சாராயம் விற்காத இடத்தில் ஜாஸ் கேட்க எவன் வருவான்? ஆகமொத்தம் பெர்சியின் பிழைப்பில் மண் விழுந்தது. இரண்டு வருஷமாக அவன் ஊரின் தென்பக்கம் ஒரு பணக்காரக் குடியிருப்பில், பின்வாசல் லிஃப்டை ஓட்டிக்கொண்டிருந்தான். சமையல்காரிகளும் சலவை மூட்டைகளும் ஏறி இறங்குகிற லிஃப்ட்.

ரெக்கார்டு பதிவதற்குப் போலீஸ் அட்டை வேண்டாம். அதனால்தான் 1953இல், தன் பெயர் உறையில் பெரிதாக வரப்போகிற முதல் ரெக்கார்டுக்கு எவரெட் பெர்சியைக் கூப்பிட்டான். அன்பால்தான் கூப்பிட்டான், அதில் கள்ளம் இல்லை. சிகாகோவில் கிளப் நடத்துகிற ஹோரஸ் டில்லுக்கு ஒரு ட்ரம்பெட்காரன் தேவைப்பட்டான். சிகாகோவில் அட்டைத் தொல்லையும் கிடையாது. "பெர்சியா? இன்னும் ஊத வருதா அவனுக்கு? ரெக்கார்டு வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன். நல்லா இருந்தா ரயில் டிக்கெட் அனுப்புறேன்" என்று எவரெட்டிடம் டெலிபோனில் சொல்லியிருந்தான் ஹோரஸ். பெர்சியின் தலையெழுத்து அந்த ஒரு ரெக்கார்டில் இருந்தது.

"மச்சான், ஒரு பாட்டு போதும்" என்று பெர்சி முன்கூட்டியே சொல்லியிருந்தான். "லிஃப்ட் ஓட்டி ஓட்டி என் உதடு பன்னு மாதிரி ஆயிடுச்சு. நடக்குற வேகத்துல வை, சமாளிச்சுக்குவேன். ஓட விட்டேன்னா மானம் போயிடும்."

"உன்னை ஓட விடுவேனாடா?" என்றான் எவரெட்.

ஒரு பியானோ கடையின் மேல்மாடியில்தான் பதிவு. கண்ணாடிக்குப் பின்னால் கம்பெனி முதலாளி வால்ட் ஹென்னிங், தானே டேப்பையும் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற பாட்டுகளெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டன. மத்தியானம் பெர்சி வந்து சேர்ந்தபோது அவனுக்கான ஒன்றுதான் பாக்கி. ஏதோ பழைய காதல் பாட்டின் கட்டுமானத்தை வைத்துக்கொண்டு அதன்மேல் எவரெட் போட்ட புது மெட்டு.

"பேர் என்ன எழுத?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் வால்ட்.

எவரெட் பெர்சியைப் பார்த்துச் சிரித்தான். "'பெர்சி வந்தாச்சு'ன்னு எழுதிக்கோங்க."

டிரம்ஸில் உட்கார்ந்திருந்த கிளைட் தன் குச்சிகளால் ஒரு கல்யாண மேளம் போட்டான். "வந்தாச்சுய்யா வந்தாச்சு! லிஃப்ட் ரிப்பேரா இன்னிக்கு?"

"உன்னை மாதிரி கனமான ஆள் எவனோ ஏறிட்டான், அறுந்துபோச்சு" என்றான் பெர்சி.

முதல் டேக். எவரெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், நடக்கிற வேகத்தில்தான் தாளம் எண்ணித் தொடங்கிவைத்தான். மெட்டு முடிந்ததும் பெர்சி தனியே வாசிக்கத் தொடங்கினான். அவனுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் அவன் ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லலாம். நாலு சுரம் வாசிப்பான், நிறுத்துவான், பியானோ பேசுவதைக் கேட்பான், மறுபடி இரண்டு சுரம். உதடு பலவீனமாக இருக்கிறவன் செலவைக் குறைக்கிறான் என்றுதான் எவரெட் நினைத்தான். இரண்டாவது சுற்றில்தான் விஷயம் தெரிந்தது. குறைத்துக் குறைத்து வைத்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக அர்த்தமாகிக்கொண்டே வந்தது. பாட்டின் நடுப்பகுதிக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு அவன் மட்டும் சற்றுப் பின்தங்கி வந்து, ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளைட் கண்ணை மூடிக்கொண்டான். எவரெட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு வருஷம் மூட்டை முடிச்சோடு ஏறி இறங்கினவன் வாசிப்பதா இது? எனக்கு ஏன் இது வரவில்லை?

அந்தக் கேள்வி வந்த இடத்தில்தான் அவன் கோட்டை விட்டான். தன் முறை வந்ததையே மறந்து கேட்டுக்கொண்டு நின்றான். திடுக்கிட்டு வாத்தியத்தை வாயில் வைத்தபோது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரியவில்லை. நடுப்பகுதி என்று நினைத்து முதல் பகுதியில் காலை வைத்தான். போதாக்குறைக்கு வாத்தியத்தின் ஊதுவாயில் இருக்கும் நாணல் பிசிறி, வால் மிதிபட்ட வாத்து மாதிரி ஒரு சத்தம் வந்தது. எப்படியோ கரையேறினான்.

"ட்ரம்பெட் அபாரம்" என்றது ஒலிபெருக்கி. "எவரெட், உனக்காக இன்னொண்ணு எடுத்துப்போமா?"

இரண்டாவது டேக். எவரெட் விரலைச் சொடுக்கினான். "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்தான். வேகம் அவன் விரலில் தானாக ஏறிவிட்டது என்று பின்னால் அவன் தனக்குத்தானே நூறு தடவை சொல்லிப் பார்த்தான். பொய். விரல் என்ன, தனியாகவா சம்பளம் வாங்குகிறது? அவன்தான் ஏற்றினான். நடையை ஓட்டமாக்கினான். பெர்சி ஒரு முறை, ஒரே ஒரு முறை, திரும்பிப் பார்த்தான். பிறகு ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டான்.

முதல் சுற்றைத் தாக்குப்பிடித்தான். இரண்டாவதில் உதடு கைவிட்டது. உச்சிக்குப் போன சுரம் உடைந்தது, அடுத்ததில் வெறும் காற்றுதான் வந்தது. தன் பங்கு முடியும் முன்னே அவன் வாத்தியத்தைக் கீழே இறக்கிவிட்டான். விட்ட இடத்தைப் பாய்ந்து பிடித்தான் எவரெட். அன்று வாசித்தது போல அவன் வாழ்க்கையில் வாசித்ததில்லை. வெட்கமில்லாமல் வாசித்தான், சொக்கும்படி வாசித்தான். ஒரு மனிதன் இழிவான காரியம் செய்த கையோடு இத்தனை அழகாக வாசிக்க முடியும் என்பது எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

பெர்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். லிஃப்ட் வேலைக்கு நேரமாகிவிட்டது. வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டான்: "முதல் டேக்தானே போடப்போறே, மச்சான்?"

எவரெட் குனிந்து தன் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ம்" என்றான்.

பெர்சி படியிறங்கிப் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பிறகு மற்றவர்கள் இரண்டையும் போட்டுக் கேட்டார்கள். கிளைட் யோசிக்கவே இல்லை. "முதலாவதுதான். இதுல என்ன பேச்சு?"

"முதலாவதுல லீடர் தடுக்கி விழுறாரே" என்றான் பியானோக்காரன்.

"ரெக்கார்டு உறையில உன் பேர்தான், எவரெட்" என்றார் வால்ட். "நீ சொல்றதுதான்."

இந்தத் தொழிலில் உள்ள கொடுமை இதுதான். சேர்ந்து வாசித்தது சேர்ந்தேதான் இருக்கும். ஒருவனுடைய நல்லதையும் இன்னொருவனுடைய நல்லதையும் தனித்தனியாகப் பொறுக்கிக்கொள்ள முடியாது. யாருடைய பெயர் பெரிய எழுத்தில் வருகிறதோ அவன் வாயிலிருந்து வருவதுதான் தீர்ப்பு.

"ரெண்டாவது" என்றான் எவரெட்.

கிளைட் குச்சிகளைப் பைக்குள் போட்டான்.

"அப்போ முதலாவதை வெச்சிருக்கவா, அதுமேலயே வேற பதிஞ்சுக்கவா?" என்று கேட்டார் வால்ட். சின்னக் கம்பெனி. வேண்டாத டேக்கை சிலேட்டைத் துடைப்பது போலத் துடைத்து மறுபடி எழுதுவதுதான் அவர் வழக்கம். "நாளைக்கு ஒரு பாட்டுக்காரி வர்றா, டேப் பத்தலை."

"தேவையில்ல" என்றான் எவரெட்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். பல் துலக்கும்போது பெர்சியின் இரண்டாவது சுற்று காதில் ஓடியது. முட்டை பொரிக்கும்போது ஓடியது. தான் அத்தனை அபாரமாக வாசித்ததில் ஒரு துண்டுகூட நினைவில் இல்லை, பெர்சி வாசித்ததில் மூச்சு விட்ட இடம்கூட மறக்கவில்லை. பொறாமை அப்படித்தான் பச்சை குத்தும். தெருவில் பெர்சியைப் பார்த்துவிடக் கூடாதே என்று எவரெட் சுற்றுவழியில் போய்வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பெர்சியின் மனைவி நாடீனிடம் மாட்டிக்கொண்டான். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் விசிறி.

"வாங்க லீடர்! கண்ணுலயே படமாட்டேங்கிறீங்க. பெரிய மனுஷனாயிட்டா பழைய ஆளுங்க வேண்டாமோ?"

"அதெல்லாம் இல்ல நாடீன். வேலை."

"அவர் இன்னிக்கும் லிஃப்ட்லதான். ஆனா பாருங்க, ராத்திரி படுத்தா தூக்கத்துல விரல் ஆடுது. ரெண்டு வருஷம் செத்த விரலு! 'எவரெட் என்னை மறுபடி மனுஷனாக்கிட்டான்டி'ன்னு சொல்றார். வீட்டுக்காரம்மாகிட்ட அடுத்த மாசம் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. சிகாகோ குளிருக்கு எனக்கு ஒரு கோட்டு கூடப் பாத்து வெச்சிருக்கேன்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதுக்கு சாப்பாடு போட்டாத் தீராது, இருந்தாலும் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. கோழி பொரிச்சிருக்கேன்."

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது எவரெட்டுக்கு. "மத்தியானம் கச்சேரி இருக்கு" என்று கையை உருவிக்கொண்டான். அந்த ஒன்றுதான் அவன் சொன்னதில் உண்மை.

மத்தியானக் கச்சேரிக்குக் கூட்டம் நெரிந்தது. மூன்றாவது பாட்டு, நடக்கிற வேகம். எவரெட் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். நாடீனின் பேச்சு தலைக்குள் சுழன்றது, கவனம் இல்லை. கவனம் இல்லாத நேரத்தில் விரல்கள் தமக்குத் தெரிந்த வழியில் போயின. நடுப்பகுதிக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு அவன் மட்டும் சற்றுப் பின்தங்கி வந்து ஒரே சுரத்தில் நின்றான். "ஆஹா!" என்று யாரோ கத்தினார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐயோ, இது நம்முடையது இல்லையே! நிறுத்தினானா? நிறுத்தவில்லை. முழுச் சுற்றையும் வாசித்து முடித்தான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

திரும்பிப் பார்த்தபோது கிளைட் டிரம்ஸை வாசித்துக்கொண்டே அவனை வெறித்துக்கொண்டிருந்தான். கச்சேரி முடிந்ததும் பக்கத்தில் வந்தான்.

"ரெக்கார்டுல இருந்து அவன் நல்லா வாசிச்சதைத் தூக்கினே. சரி, லீடரோட இஷ்டம்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப அவன் சட்டையையே எடுத்து நீ போட்டுக்கிட்டியா?" கிளைட் துப்பாத குறை. "வேற டிரம்ஸ்காரனைப் பாத்துக்கோ."

மறுநாள் காலை எவரெட் வால்டின் ஆபீசுக்கு ஓடினான். தொப்பியைக் கழற்றக்கூட இல்லை.

"முதல் டேக்கைப் போடணும். ரெண்டாவது வேண்டாம்."

வால்ட் காபியைக் கீழே வைத்தார். "உனக்கு என்ன பைத்தியமா? அந்த டேக் எங்க இருக்கு? அதுமேல ஒரு பாட்டுக்காரி பாடிட்டுப் போயாச்சு. நீதானே தேவையில்லேன்னே?"

"அப்படின்னா அந்தப் பாட்டையே எடுத்துடுங்க. இல்லேன்னா மறுபடி பதிவோம், செலவு என்னோடது."

"ரெக்கார்டு அடிச்சு வந்தாச்சுப்பா." அவர் மேஜைக்கடியிலிருந்து ஒரு கட்டை இழுத்தார். புத்தம் புது ரெக்கார்டு உறைகள். மேலே பெரிதாக எவரெட் கோல்ஸ். பின்பக்கத்துப் பாட்டு வரிசையில், நடுவில், 'பெர்சி வந்தாச்சு'. "கடைக்கெல்லாம் அனுப்பியாச்சு. சிகாகோவுக்கு ஒண்ணு தபால்லயும் போயாச்சு, அந்த டில்லு கேட்டிருந்தானே. சந்தோஷப்படுடா! அதுல நீ வாசிச்சிருக்கிறதைக் கேட்டுட்டு நானே அழுதேன்."

எவரெட் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். இனி யாரிடம் போவது? போக வேண்டிய இடம் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் எழுந்திருக்க அத்தனை நேரமாயிற்று.

குடியிருப்பின் பின்வாசல் வழியாகப் போனான். பழுப்புச் சீருடையில் பெர்சி லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவனைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"அடடே லீடர்! வா வா, ஏறு. எந்த மாடி? சிகாகோவா?"

லிஃப்ட் கிளம்பியது. இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் எவரெட் சொல்லிவிட்டான். மென்று முழுங்காமல் சொன்னான், அந்த மட்டில் அவனைப் பாராட்டலாம். "ரெக்கார்டுல வர்றது ரெண்டாவது டேக், பெர்சி. நான்தான் சொன்னேன். முதலாவது இப்ப இல்ல. அழிச்சாச்சு. அதுவும் நான் சொல்லித்தான். ஹோரஸ் டில்லுக்கு ரெண்டாவது போயாச்சு."

பெர்சி கைப்பிடியைத் திருப்பினான். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது.

"வேகமா எண்ணினியே" என்றான். "அது?"

"வேணும்னுதான் எண்ணினேன்."

"ஏன்?"

"நீ நல்லா வாசிச்சே."

பெர்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "உன்னை இங்கேயே அடிச்சுக் கொல்லணும்போல இருக்கு. சீருடை போட்டிருக்கேன், வேலை போயிடும். இனிமே இந்த வேலைதானே." பிறகு குரல் இறங்கியது. "நாடீன் வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டாடா."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே..."

மேலே மணி அடித்தது. பெர்சி லிஃப்டை நகர்த்தினான். ஆறாவது மாடியில் ஒரு சமையல்காரி காய்கறிக் கூடையோடு ஏறினாள், ஏழாவதில் இறங்கினாள். கதவு சாத்தியதும் பெர்சி பேசினான், எவரெட் எதிர்பார்க்காத பேச்சு.

"அது எப்படி இருந்துச்சு? அந்த ரெண்டாவது சுத்து. எனக்கு ஞாபகமே வரலை. அன்னிக்கு இங்க வந்து நின்னு யோசிச்சுப் பாத்தேன், பிடிபடலை. சரி, ரெக்கார்டு வரப்போவுதே, கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

எவரெட் தலையை நிமிர்த்தினான். "எனக்குத் தெரியும்" என்றான். "முழுக்கத் தெரியும்."

"பாடு."

அவன் பாடினான். லிஃப்ட் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே நிறுத்தினானோ அங்கே நிறுத்தி, எங்கே மூச்சு விட்டானோ அங்கே மூச்சு விட்டு, ஒரு சுரம் விடாமல் பாடினான். பெர்சி தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்நியன் வாசிப்பைக் கேட்கிறவன் போலக் கேட்டான். நடுப்பகுதியில் அந்த ஒரே சுரம் வந்தபோது அவன் புருவம் உயர்ந்தது. மூன்றாவது மாடியில் கதவுக்கு வெளியிலிருந்து ஒரு பெண், "யாருப்பா அது? குழந்தை இப்பத்தான் தூங்குது!" என்று அதட்டினாள். எவரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தையும் பாடி முடித்தான்.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. பெர்சி கதவைத் திறந்துவிட்டான். "இறங்கு."

எவரெட் இறங்கினான். இறங்கியவன் திரும்பி நின்றான். அதையும் சொல்லாமல் போனால் மறுபடி ஒரு "ம்" ஆகிவிடும். "பெர்சி, இன்னொண்ணு இருக்கு. நேத்து மேடையில அதை நான் வாசிச்சுட்டேன். என்னுதுன்னு நினைச்சு எல்லாரும் கேட்டாங்க. நான் யாரோடதுன்னு சொல்லலை."

பெர்சி மடக்குக் கதவில் கையை வைத்தபடி அவனை நெடுநேரம் பார்த்தான்.

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க. எழுந்து நின்னு தட்டினாங்க."

"அப்போ நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றான் பெர்சி. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான். லிஃப்ட் மேலே போயிற்று.